கழுவிய எண்ணெய்

எஞ்சின் சாமானுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பெரியப்பா ஒரு சோதனை வைப்பார். கழுவி வைத்த சாமான் மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுவார். தண்ணீர் பிரியாமல் முழுசாகப் படர்ந்து ஓடினால் சரி. எங்காவது பிரிந்து, சேம்பிலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் சொல்லமாட்டார். விரலால் அந்த இடத்தைக் காட்டிவிட்டு, கோப்பி குடிக்கப் போய்விடுவார். நான் மறுபடியும் பிரஷ்ஷை எடுக்க வேண்டும்.

இது பைராம் தோட்டத்தில். பினாங்கு என்றதும் தீவை மட்டும் நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பைராம் தீவில் இல்லை. கடலைத் தாண்டி, செபராங் பிறையின் தெற்கில், நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்ஷரில் ராம்ஸ்டன் என்ற பிரபுக் குடும்பத்தின் ஊர்ப் பெயரும் பைராம்தான். எங்கள் வட்டாரத்துக் கலிடோனியாத் தோட்டத்தை வைத்திருந்ததும் ராம்ஸ்டன் குடும்பம். முதலில் கரும்பு, பிறகு பால்மரம், அப்புறம் செம்பனை என்று மண்ணுக்கு மேலே இருந்தது மாறிக்கொண்டே வந்த வட்டாரம் அது.

பெரியப்பா தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மோட்டார்சைக்கிள், மருந்தடிக்கும் பம்பு, தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் என்று வருவதையெல்லாம் பழுது பார்த்தார். பள்ளி விடுமுறையில் நான்தான் அவருக்குக் கையாள். பழுது பார்ப்பதை அவர் எனக்குத் தரவில்லை. பெயிண்ட் அடிப்பதையும் ரொம்ப நாள் தரவில்லை. கழுவுவதைத்தான் தந்தார்.

கழுவுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. கெட்டியாக ஒட்டியிருக்கும் கிரீஸையும் மண்ணையும் முதலில் மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அந்தத் தட்டு சீக்கிரமே கறுத்துவிடும். அப்போது சாமானை எடுத்து, புது மண்ணெண்ணெய் ஊற்றிய இரண்டாவது தட்டில் போட வேண்டும். இந்த இரண்டாவது தட்டு எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. “மொத தட்டுல அழுக்கு போவாதுடா, கரையும். கரைஞ்ச அழுக்கு சாமான் பூரா ஒட்டிக்கும். மொதல்ல ஒரு எடத்துல தடிப்பா இருந்துச்சு, இப்ப எல்லா எடத்துலயும் மெலிசா இருக்கு. அவ்ளோதான்” என்றார்.

இரண்டாவது தட்டுக்குப் பிறகும் முடியாது. மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அதை எடுக்க வெந்நீரும் சவுக்காரத் தூளும். வெந்நீர் பட்ட இரும்பு கண்ணெதிரே செம்மண் நிறத்துக்குத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் உடனே காற்றடித்து உலர்த்த வேண்டும். கேஸ்கெட் உட்காரும் முகங்களையும் ஓட்டைகளையும் டேப் போட்டு மூட வேண்டும். கடைசியாகத் தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் துணியை மாற்றி மறுபடி. அதற்கப்புறம் வெறுங்கையால் தொடக்கூடாது, விரலிலும் எண்ணெய் இருக்கிறது. இவ்வளவும் செய்ய ஒரு நாள். பெயிண்ட் அடிக்க ஒரு மணி நேரம்.

ஒருமுறை நான் ஏமாற்றினேன். ஒரு காய்கறித் தோட்டக்கார ஆ பெக் கொண்டுவந்த பம்பு எஞ்சின் அது. மேலே, பக்கவாட்டில் எல்லாம் ஒழுங்காகக் கழுவினேன். சம்ப்புக்கு அடியில், யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று முதல் தட்டு மண்ணெண்ணெயிலேயே துடைத்துவிட்டேன். அன்று பெரியப்பாவுக்கு டவுனில் ஏதோ வேலை. தண்ணீர்ச் சோதனை நடக்கவில்லை. பச்சைப் பெயிண்ட் பளபளவென்று உட்கார்ந்தது. அடித்த அன்று எண்ணெய் மேல் உட்கார்ந்த பெயிண்டுக்கும் இரும்பு மேல் உட்கார்ந்த பெயிண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதுதான் அதில் உள்ள ஆபத்து.

இரண்டு மாதத்தில் ஆ பெக் திரும்பி வந்தார். சண்டை போடவில்லை. எஞ்சினைச் சாய்த்து, கட்டைவிரலால் அடிப்பக்கத்தை ஒரு தள்ளு தள்ளினார். பெயிண்ட் வாழைப்பழத்தோல் மாதிரி உரிந்து வந்தது. எஞ்சின் ஓடும்போது வரும் சூட்டில் அடியிலிருந்த எண்ணெய் இளகி, பெயிண்டைத் தூக்கி விட்டிருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்தார். “எண்ணெய்க்கு மேல அடிச்சா அது பெயிண்ட் இல்லடா, போர்வை” என்றார். காசு வாங்காமல் முழு எஞ்சினையும் மறுபடி பிரித்து, என்னையே கழுவச் சொன்னார். ஆ பெக் முன்னால் என்னைத் திட்டவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்குக் கூசுகிறது.

இந்தக் கதையை நான் பல வருடங்களாகப் பெருமையாகச் சொல்லிவந்தேன். நண்பர்களிடம், ஒரு முறை மேடையில்கூட. யாரும் பார்க்காத இடத்தையும் நேர்மையாகச் செய்வதுதான் அறம், அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தோட்டத்து ஃபிட்டர் என்று. கேட்பவர்கள் நெகிழ்வார்கள். நானும் நெகிழ்வேன்.

கதையில் ஒரு பகுதியை நான் சொல்வதே இல்லை. அதை மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது கதையில் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த எஞ்சினை இரண்டாம் முறை கழுவி முடித்ததும் இரண்டு தட்டு மண்ணெண்ணெயையும் தூக்கிக்கொண்டு போய், கொட்டகைக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில் ஊற்றினேன். எப்போதும் அங்கேதான் ஊற்றுவோம். சாக்கடைத் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்து, மெதுவாக நகர்ந்து, கல்வெட்டுக்கு அடியில் போய் மறையும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதிகமாக ஊற்றுவது ஆயுத பூஜைக்கு முதல் நாள். அன்று கொட்டகையில் உள்ள அத்தனையும் கழுவப்படும். வைஸ், கம்ப்ரஸர், ஸ்பேனர் பெட்டி, பெரியப்பாவின் மோட்டார்சைக்கிள், பழுதுக்கு வந்து நிற்கிற மற்றவர்கள் வண்டிகள் எல்லாம். மறுநாள் அவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைப்போம். வருடத்தில் நாங்கள் மிகச் சுத்தமாக இருந்த நாள் அது. ஒரு வருடம் பூஜை அன்று காலையில் லோங்காங்கைப் பார்த்தேன். அதில் கப்பி மீன்கள் நிறைய உண்டு. சின்னப் பிள்ளைகள் போத்தலில் பிடித்து வைத்து விளையாடுவார்கள். அன்று அவை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “மழ வந்தா சரியாயிரும்” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு பூஜைக்குப் போனார்.

சாயங்காலம் மழை வந்தது. சரியாகத்தான் போனது. லோங்காங்கில்.

அந்த எஞ்சின் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்த மனிதர் இந்த விஷயத்தில் ஏன் அப்படி? இதைத்தான் நான் யோசிக்க விரும்புகிறேன். அவர் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரர் இல்லை, கல்நெஞ்சக்காரரும் இல்லை. என் பதில் இது. எஞ்சினுக்கு அடியில் நான் சொன்ன பொய்யை எஞ்சினே காட்டிக்கொடுத்தது. லோங்காங்கில் நாங்கள் சொன்ன பொய்யை எங்களிடம் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை.

கைத்தொழிலில் உள்ள நேர்மைக்குப் பொருளே காவல் இருக்கிறது. எண்ணெய் இருந்தால் பெயிண்ட் உரியும். அளவு தவறினால் பேரிங் சத்தம் போடும். போல்ட்டைச் சரியாக முறுக்காவிட்டால் ஒழுகும். தண்டனை அதே பொருளில், அதே ஆளிடம், இரண்டு மாதத்தில் திரும்பி வருகிறது. இப்படி வருடக்கணக்காக அடிவாங்கி வாங்கி ஒரு மனிதன் நேர்த்தியானவன் ஆகிறான். அதை மதிக்க வேண்டும், ரொம்பவே மதிக்க வேண்டும். ஆனால் அதை அறம் என்று சொல்லலாமா? தண்டனை எனக்கு வராமல், தெரியாத ஒருவருக்குப் போகும் இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதில்தானே அறம் தொடங்குகிறது? அங்கே என் பெரியப்பாவுக்கும் எனக்கும் சோதனைத் தண்ணீர் இல்லை. மழைத்தண்ணீர்தான் இருந்தது. அது சோதிக்காது, அடித்துக்கொண்டு போய்விடும்.

நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் ராபர்ட் பிர்சிக் 1974-ல் எழுதிய மோட்டார்சைக்கிள் நூலைப் படித்துவிட்டு ஒரு மெக்கானிக்கை ஞானியாகப் பார்க்கத் தொடங்கியவர்கள். நானும்தான். வண்டியைக் கவனத்தோடு பராமரிப்பதில் ஒரு தியானம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தியானம் பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறது. வடித்த பழைய எண்ணெய் எங்கே போனது என்ற கேள்வி அதற்குள் வருவதில்லை.

சமூகவியலாளர் ரிச்சர்ட் சென்னட், கைவினைஞன் பற்றி 2008-ல் எழுதிய நூலை ஒரு சந்திப்பிலிருந்து தொடங்குகிறார். 1962-ல் கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்த கையோடு, தன் ஆசிரியர் ஹன்னா ஆரெண்டைத் தெருவில் பார்க்கிறார். பொருள்களைச் செய்கிறவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று பெரும்பாலும் புரிவதில்லை என்பது ஆரெண்ட் அன்று சொன்னதன் சாரம். அணுகுண்டு செய்தவர்கள் அவர் மனதில் இருந்தார்கள். சென்னட் இதை ஏற்கவில்லை. செய்கிறவனின் கைக்குள்ளேயே சிந்தனை இருக்கிறது, அதை வளர்த்தால் போதும் என்பது அவர் கட்சி. இந்த வழக்கில் நான் ரொம்ப நாள் சென்னட் பக்கம் இருந்தேன். பெரியப்பாவைப் பார்த்த யாரும் அவர் கைகளுக்குச் சிந்தனை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைகளின் சிந்தனை கை எட்டுகிற தூரம்வரைதான் போனது. லோங்காங் கல்வெட்டுக்கு அடியில் போய் மறைகிற இடத்தில் அதுவும் மறைந்துவிட்டது.

கை எட்டாத தூரம் என்று சொன்னேன். எங்கள் விஷயத்தில் அது அவ்வளவு தூரமும் இல்லை.

பைராம் என்ற பெயரைத் தோட்டத்துக்கு வெளியே இன்று அதிகம் எழுதுகிறவர்கள் பொறியியல் ஆய்வாளர்கள். பைராம் வனக்காப்பகத்துக்குள்தான் புலாவ் பூரோங் குப்பைமேடு இருக்கிறது. பறவைத் தீவு என்று பொருள். 1991-ல் அது முறைப்படுத்தப்பட்ட குப்பை நிரப்பிடமானது, 2001-ல் கசிவு நீரை மீண்டும் குப்பைமேல் சுழலவிடும் ஏற்பாட்டோடு தரம் உயர்த்தப்பட்டது. நிபோங் திபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலிருந்து அந்தக் கசிவு நீரைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்திருக்கின்றன. கறுத்த, அமோனியா நிறைந்த, சுத்திகரிக்கக் கடினமான நீர். மழை குப்பைக்குள் இறங்கி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு அடியில் வந்து சேர்கிறது. பெரியப்பாவின் முதல் தட்டு மாதிரி. அழுக்கு போகவில்லை, கரைந்திருக்கிறது.

பினாங்குத் தீவின் குப்பையும் அங்கேதான் வருகிறது. பத்து மாவுங் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடலுக்கு இந்தப் பக்கம். ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கடைவீடுகளுக்குப் புதுச் சுண்ணாம்பு, சுவர்களில் ஓவியங்கள். 2012-ல் எர்னெஸ்ட் சக்காரெவிச் வரைந்தவற்றில் ஒன்று ஆ குவீ தெருவில் இருக்கிறது. சுவரோடு ஒரு நிஜமான பழைய மோட்டார்சைக்கிள் நிற்கும், அதன்மேல் உட்கார்ந்திருப்பது போல ஒரு பையனை வரைந்திருப்பார். வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அந்தப் பையன் கை சுத்தமாக இருக்கும். நகரத்தைப் பார்த்து வயிறெரியவில்லை, எனக்கும் அந்தத் தெருக்கள் பிடிக்கும். அன்றைய கூட்டம் வீசிவிட்டுப் போகிற பிளாஸ்டிக் கோப்பைகளின் பயணம் மட்டும் படத்தில் வராது. அந்தப் பயணம் முடிகிற இடத்துக்கு எங்கள் தோட்டத்தின் பெயர்.

2022 ஜனவரியில் புலாவ் பூரோங் தீப்பிடித்தது. குப்பைமேட்டுத் தீ மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சுற்றுவட்டாரத்தில் பல நாள் புகை. அப்போது பெரியப்பா இருந்தார். ஜன்னல் எல்லாம் சாத்தி, வாசல் இடுக்கில் ஈரத்துணி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். போனில் பேசும்போது இருமினார். “என்னடா எரியுது அங்க?” என்று கேட்டார். “எல்லாந்தான் பெரியப்பா” என்றேன். எண்ணெய்த் துணி, டப்பா, தின்னர் போத்தல் என்று நாங்களும் வருடக்கணக்காக வீட்டுக் குப்பையில் கட்டிப் போட்டதுதானே. அதை நான் சொல்லவில்லை. இருமுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் போட்டதுதான் அவருக்குத் திரும்பி வந்தது என்று கணக்கு முடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. அந்தக் குன்றில் அவர் பங்கு ஒரு கைப்பிடி. பங்கே போடாத கைக்குழந்தைகளும் அதே புகையைத்தான் சுவாசித்தன.

அழுக்கு என்று தனியாக ஒரு பொருள் உலகத்தில் இல்லை, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் பொருளைத்தான் அப்படிச் சொல்கிறோம். மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-ல் வெளிவந்த நூலில் இதை விரிவாகப் பேசினார். எஞ்சினுக்குள் இருக்கும்வரை அது எண்ணெய், எஞ்சினுக்கு மேலே வந்தால் அழுக்கு. இதை முதலில் படித்தபோது ஒரு விடுதலை மாதிரி இருந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இருக்கக்கூடாத இடம் என்று ஒன்று இருந்தால், இருக்கலாம் என்று யாரோ முடிவு செய்த இடமும் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குத் தமிழர்களுக்கு மேரி டக்ளஸ் தேவையில்லை. சுத்தத்தைப் பற்றி நம்மைப் போலப் பேசிய சமூகமும் குறைவு, ஒரு சிலர் சுத்தமாக இருப்பதற்காக வேறு சிலரைப் பிறப்பாலேயே அழுக்கின் பக்கத்தில் நிறுத்திவைத்த சமூகமும் குறைவு. கப்பலேறி வந்தபோது அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம். வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் விடியுமுன் வந்து எடுத்துப்போனவரை முகம் பார்த்துப் பேசியவர்கள் எத்தனை பேர்? ஜார்ஜ் டவுன் கடைவீடுகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளும் மலவாளி எடுக்கிறவர்கள் வந்து போக ஏற்பட்டவைதான். முன்வாசலுக்கு அவர்கள் வரக்கூடாது. இப்போது வாளிகள் இல்லை. ஆனால் பின்சந்து என்ற யோசனை அப்படியே இருக்கிறது. அது பெரிதாகி, கடலைத் தாண்டி, எங்கள் பக்கம் வந்துவிட்டது.

இதைப் படிக்கிற ஒருவர் கேட்கலாம். ஒரு ஏழை ஃபிட்டர் ஊற்றிய இரண்டு தட்டு மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேச வேண்டுமா, லாரி லாரியாகக் கொட்டுகிறவர்கள் இருக்கும்போது? நியாயமான கேள்வி. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அந்த நச்சுக்காற்றில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. மாணவர்கள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார்கள். அதற்கு முன்னால் எங்கள் லோங்காங் ஒன்றுமே இல்லை. தனிமனிதக் குற்ற உணர்ச்சியைத் தூண்டிவிட்டு, பெரிய கைகள் நழுவிக்கொள்வதும் நமக்குத் தெரிந்த தந்திரம்தான்.

ஆனாலும் கிம் கிம்மில் கொட்டியவரின் மனதுக்குள் ஓடியது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வாக்கியம்தான் ஓடியிருக்கும். மழை வந்தால் சரியாகிவிடும். தண்ணீர் ஓடுகிறது, கடல் பெரிது, யாருக்குத் தெரியப்போகிறது. இரண்டு செயலும் ஒன்றில்லை, தண்டனையும் ஒன்றாக இருக்கக்கூடாது. வாக்கியம் ஒன்றுதான். பெரிய கைகளைக் கேள்வி கேட்கிறபோது அந்த வாக்கியத்தை நான் என் வாயில் வைத்துக்கொண்டே கேட்க முடியாது.

பெரியப்பாவைக் குற்றவாளியாக்கவும் மாட்டேன். மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. 2005-ம் ஆண்டு விதிமுறைகளில் பழைய எஞ்சின் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று ஒரு எண்ணே உண்டு. எண்ணெய் துடைத்த துணிக்கும் ஃபில்டருக்கும் எஸ்டபிள்யூ 410. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆனால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் அந்த எண்களை யாரும் வந்து சொல்லவில்லை. வாங்கிப்போக வண்டியும் வரவில்லை. அழுக்கைப் போடச் சரியான இடம் இல்லாத ஊரில் சரியான இடத்தில் போடு என்பது வெறும் உபதேசம். அது மட்டுமில்லை, அவர் கையே அதற்கு முதல் பலி. சாயங்காலம் பெட்ரோலில்தான் கை கழுவுவார். அப்போதெல்லாம் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலமும் உண்டு. அந்த ஈயச் சேர்மத்தைப் பிரபலப்படுத்திய தாமஸ் மிஜ்லி, 1924-ல் பத்திரிகையாளர்கள் முன்னால் அதை ஊற்றிக் கை கழுவிக் காட்டினார், ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்க. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஈய நஞ்சுக்காக அவரே விடுப்பில் போயிருந்தார். மிஜ்லிக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாது. இருவரும் கை கழுவினார்கள், ஆனால் இரண்டும் ஒரே செயல் ஆகாது.

அப்படியானால் தெரிந்தபின் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. எனக்குத் தெரியும். நான் படித்துவிட்டேன். “தெரியாமல் செய்தோம்” என்பது ஒரு முறைதான் செல்லும்.

பெரியப்பா இறந்தபின் அவருடைய பழைய மோட்டார்சைக்கிள் எனக்கு வந்தது. போன வருடம் பிரித்தேன். எஞ்சின் மூடியில் இருபது வருட கிரீஸ், அதில் அவருடைய விரல்ரேகை ஏதாவது பதிந்திருக்குமோ என்று கழுவும் முன் கொஞ்ச நேரம் பார்த்தேன். அசட்டுத்தனம்தான். பிறகு அவர் சொன்ன முறைப்படியே செய்தேன். மரக்குச்சி, முதல் தட்டு, இரண்டாவது தட்டு, வெந்நீர், வெள்ளைத் துணி. ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். ஓரத்தில் ஒரு இடத்தில் முத்து விழுந்தது. மறுபடி கழுவினேன். இந்த முறை படர்ந்து ஓடியது. அவர் இருந்திருந்தால் இந்நேரம் காப்பிக்குப் போயிருப்பார்.

இரண்டு தட்டையும் என்ன செய்வது என்பதில்தான் நின்றேன். என் புது வீட்டிலும் பின்னால் லோங்காங் ஓடுகிறது, சிமெண்ட் போட்டு, மூடி போட்டு, பார்க்கவே முடியாதபடி. கொஞ்ச நாள் அசையாமல் வைத்தால் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிகிற மண்ணெண்ணெயை இன்னொரு முறை முதல் தட்டுக்குப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தேன். மீதி வண்டலையும் வெந்நீர்க் கழுவலையும் ஒரு ஜெரிகேனில் ஊற்றினேன். எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள ஒரு தகர டின்னில் போட்டேன். டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பழைய எஞ்சின் எண்ணெய் என்றால் வாங்க ஆள் வருகிறான், அதற்கு விலை இருக்கிறது, இந்தத் தண்ணீர் கலந்த கழிசடையை யார் எடுப்பார்கள் என்று சிரித்தார்கள். “தெருமுனையில ஊத்திட்டுப் போங்க அண்ணே, மழைக்காலந்தானே” என்றான் அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி. நல்ல பையன். அவன் மேசையில் கழுவி அடுக்கியிருந்த கார்புரேட்டர் பாகங்கள் ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தன.

ஜெரிகேனைத் திரும்ப எடுத்து வந்தேன். வீட்டுப் பின்கட்டில், வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மேலே மார்க்கர் பேனாவால் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. விதிமுறைப்படி ஒரு தொழிற்சாலை இப்படிப்பட்ட கழிவை 180 நாள்வரை வைத்திருக்கலாம். என்னுடையது அதைத் தாண்டிவிட்டது. இது தீர்வு இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு ஜெரிகேனால் புலாவ் பூரோங் ஒரு அங்குலமும் குறையாது. வீட்டில் கேட்கிறார்கள், இதை எப்போது எடுக்கப்போகிறாய் என்று. அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்படுவது சரிதான் என்று படுகிறது. லோங்காங்கில் ஊற்றியிருந்தால் அதே கேள்வி இன்னொருவர் வீட்டில், யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் கிடந்திருக்கும்.

மோட்டார்சைக்கிள் எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். எட்டு மாதமாகிறது. கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன், உரியவில்லை. அடுத்த மாதம் செயின் மூடியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு ஜெரிகேன் வாங்க வேண்டும்.